சுருக்குப்பையில் ஓர் எண்: காட்பாடிப் பகுதிச் சமூகத் தொழிற்கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டம் காட்பாடியை ஒட்டிய ஊர் ஒன்றில் இயங்கும் துணிப்பைத் தையல்கூடம் பற்றியது இந்த ஆய்வு. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்த இரண்டு தையல்காரர்கள், ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்த ஒருவர், குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் முன்பு இருந்த ஒருவர் ஆகிய நால்வர் சேர்ந்து கூட்டு நிறுவனமாகத் தொடங்கியது. ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள்: நால்வர் தைக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் அச்சுக்கு, ஒருவர் இஸ்திரி போட்டுக் கட்ட. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு உண்டு. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு வெகு கீழே என்பதால் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை. பை விற்ற காசில் கூலி கொடுத்து, அந்தப் பையிலேயே ஆள் கடத்தலுக்கும் கொத்தடிமைக்கும் எதிரான செய்தியைக் கொண்டுபோவதுதான் நோக்கம். நன்கொடை வாங்குவதில்லை. ஆள், தொழிற்கூடம், ஊர் ஆகியவற்றின் அடையாளங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க அட்வான்ஸில் ஓடும் பூமி. 1990களில் பீடி சுற்ற அடமானம் வைக்கப்பட்ட பிள்ளைகளால் இந்தப் பெயர் வெளியே தெரிந்தது. இன்றைக்குச் செங்கல் சேம்பர் (சூளை), மரம் வெட்டு, கரும்பு வெட்டு, அரிசி ஆலை, மேற்கு மாவட்ட நூற்பாலை என்று முகம் மாறியிருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். சவ்வாதுமலைப் பக்கத்து ஆண்களைக் கட்டட வேலை என்று சொல்லிச் செம்மரம் வெட்ட ஏற்றிச்செல்வதும் இதே அட்வான்ஸ் வழியில்தான் நடக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள்.

கட்டிப்போட்டு வேனில் தூக்கிப்போவது இங்கே அரிது. ஊர்க்காரரான மேஸ்திரி (வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்பும் தரகர்), தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில், கையில் காசில்லாத வாரத்தில் வீட்டுக்கு வருகிறார். இருபதாயிரமோ நாற்பதாயிரமோ கொடுக்கிறார். மறுவாரம் குடும்பமே சட்டி பானையோடு லாரி ஏறுகிறது. விழிப்புணர்வு வேலை செய்ய வேண்டிய நேரம் அந்த ஒரு வாரம்தான்.

முதல் அச்சும் அதன் விதியும்

தொழிற்கூடத்தின் முதல் பொருள் தாம்பூலப் பை. கல்யாண வீட்டில் ஆயிரம் பை கொடுத்தால் ஆயிரம் வீட்டுக்குப் போகும் என்பது கணக்கு. முன்பக்கம் மணமக்கள் பெயர். பின்பக்கம் சங்கிலி பூட்டிய கையும் அழும் சிறுமியின் முகமும், கீழே மூன்று வரியும் உதவி எண்ணும். ஆர்டர் வரவில்லை. மங்கல காரியத்தில் அழுகிற முகத்தை யார் கையில் கொடுப்பது என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம். வாங்கிய இரண்டொரு வீடுகளிலும் பையை உள்ளே வெளியே திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு குறையும் இருந்தது. சங்கிலிப் படத்தைப் பார்த்த எவரும் அதைத் தங்களுக்குத் தெரிந்த எதனோடும் சேர்க்கவில்லை. சொந்தத் தெருவிலிருந்து சேம்பருக்குப் போன குடும்பம் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது அச்சில் படம் இல்லை. கோலக் கரைக்குள் ஐந்து கேள்விகள் மட்டும்:

வேலைக்கு அட்வான்ஸ் வாங்கும் முன் கேளுங்கள். எந்த ஊர், முதலாளி பேர் என்ன? கூலி எவ்வளவு, வாராவாரம் கைக்கு வருமா? அட்வான்ஸ் எப்படிக் கழியும், கணக்கு நோட்டு யாரிடம்? நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வரலாமா? ஆதாரும் ரேஷன் கார்டும் நம் கையிலேயே இருக்குமா?

இதற்குக் கல்யாண வீடுகள் மறுப்புச் சொல்லவில்லை. பெரியவர்கள் சொல்லும் புத்தி போல இருக்கிறது என்று சில வீடுகள் விரும்பியே கேட்டன.

அச்சு வேலை பற்றிச் சில குறிப்புகள், வேறு யாரேனும் செய்ய நினைத்தால் உதவும். கரடான காடாத் துணியில் 14 புள்ளிக்கு (பாயிண்ட் அளவு) குறைந்த எழுத்து மை ஊறி அடைத்துக்கொள்கிறது. ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும். தொலைபேசி எண்ணுக்கு 24 புள்ளி வேண்டும், 3க்கும் 8க்கும் குழப்பம் வராத தடித்த எழுத்தில். மஞ்சள் துணியில் சிவப்பு மங்குகிறது, கருநீலம் நிற்கிறது. பிக்மென்ட் மையில், அதைத் துணியில் பிடிக்கவைக்கும் பைண்டரும் ஃபிக்சரும் சரியாகக் கலந்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காய்ந்தபின் பின்பக்கத்தில் சூடான இஸ்திரி போட வேண்டும். அவசர ஆர்டரில் இந்த இஸ்திரியை விட்டுவிட்டால் இரண்டாவது துவைப்பில் எண் போய்விடும். எண் போன பை வெறும் பை.

10க்கு 12 அங்குலப் பைக்கான செலவு இப்படி: 48 அங்குல அகலக் காடாத் துணியில் மீட்டருக்கு 5 பை, கைப்பிடி உட்பட. மீட்டர் 31 ரூபாய் என்றால் துணி 6.20. தையல் 3, வெட்டும் இஸ்திரியும் 1, ஒரு பக்க அச்சு 1.20, நூல், மின்சாரம், வாடகை 1.60. மொத்தம் 13. விற்பது 15. செய்தியைப் பின்பக்கம் அச்சிட இன்னொரு 80 காசு. வெறும் பையில் 2 ரூபாய் நிற்கும், செய்திப் பையில் 1.20. சமூக நோக்கத்தின் விலை ஒரு பைக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தது பின்னால் பெரிதும் உதவியது.

பை போய்ச் சேராத வீடுகள்

ஒரு பருவம் கழித்துப் பார்த்தபோது தெரிந்தது: தாம்பூலப் பை போன வீடுகளிலிருந்து யாரும் சேம்பருக்குப் போவதில்லை. போகிறவர்கள் ஏரிக்கரை ஓரத்திலும் மலையடிவாரத்திலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள், நிலமற்ற தலித் குடும்பங்கள். மண்டபக் கல்யாணத்துக்கு அவர்களை யார் அழைக்கிறார்கள்? பதினைந்து ரூபாய் கொடுத்துத் துணிப்பை வாங்கும் நிலையிலும் அவர்கள் இல்லை.

வெட்டும் மேசையில் மிஞ்சும் துண்டுகளைக் கொண்டு சுருக்குப்பை தைக்கலாம் என்பது தையல்காரர்களில் மூத்தவரின் யோசனை. ஐந்துக்கு ஆறு அங்குலம், இரட்டை நாடா. விலை 5 ரூபாய். கடைக்காரருக்கு 1 ரூபாய் கமிஷன். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் வயதான பெண்கள் இடுப்பில் செருகுவது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளின் எண்ணை எழுதிய துண்டுச்சீட்டை அதற்குள்தான் வைத்திருப்பார்கள். அதன் உள்மடிப்பில் ஓர் எண்ணும், "சம்பாரிக்கப் போன புள்ள திரும்பி வர முடியலன்னா" என்ற ஒரு வரியும் அச்சானது. ஐந்து கேள்விகளும் தனி அட்டையாகக் கடை வாசலில் தொங்கின. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தை, திங்கட்கிழமை கே.வி.குப்பம் சந்தை, அணைக்கட்டு வட்டத்துப் பெட்டிக்கடைகள் என்று இவை பரவின.

வந்த அழைப்பு

2025 மார்ச் மாதக் கடைசி. அணைக்கட்டு வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெட்டிக்கடையில், அறுபது வயது தாண்டிய இருளர் மூதாட்டி ஒருவர் தன் கம்மலை அடமானம் வைக்க யாரிடம் போகலாம் என்று கேட்டிருக்கிறார். மகள், மருமகன், 12 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு முன் 40,000 ரூபாய் அட்வான்ஸில் பக்கத்து மாவட்டத்துச் செங்கல் சேம்பருக்குப் போனவர்கள். மருமகனின் அண்ணன் இறந்த சாவுக்கு அனுப்பவில்லை. கேட்டதற்கு மருமகனுக்கு அடி. மகள் யாருடைய போனிலிருந்தோ பேசி, "காச கட்டினாதான் வுடுவாங்களாம் ஆயா" என்று பிள்ளையை விட்டுச் சொல்லவைத்திருக்கிறார்.

கடைக்காரப் பெண் மூதாட்டியின் சுருக்குப்பையில் இருந்த எண்ணுக்கு அடித்தார். அது சனிக்கிழமை மாலை. அந்த எண் தொழிற்கூடத்தின் ஆர்டர் போன். ஞாயிறு முழுக்க அணைத்துவைக்கப்பட்டிருந்தது. திங்கள் காலை மறுபடி அடித்தபோதுதான் எடுக்கப்பட்டது. இடையில் கம்மல் அடமானம் போகாமல் இருந்ததற்குக் காரணம் ஞாயிறு அடகுக்கடை விடுமுறை என்பது மட்டுமே.

அன்று பதிவு செய்தவை: நான்கு பேரின் பெயர், வயது, அட்வான்ஸ் தொகை, கொடுத்தவர் அதே ஊர் மேஸ்திரி, ஆயிரம் கல்லுக்கு 600 ரூபாய் என்று பேச்சு, வாரச் செலவுக்கு 1,000 ரூபாய், இரவு ஒரு மணிக்கு மண் மிதிக்க எழ வேண்டும், பிள்ளைகள் கல் திருப்பிப்போடுகிறார்கள், ரேஷன் கார்டு மேஸ்திரியிடம். நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கல், வாரம் ஆறு நாள், பதினோரு வாரம் என்றால் 66,000 கல். கூலி 39,600. வாரச் செலவு 11,000 போக 28,600 கழிந்திருக்க வேண்டும். மீதி 11,400தான். முதலாளி தரப்பு சொன்ன பாக்கி 46,000. உடைந்த கல், மழையில் கரைந்த கல், மருந்துச் செலவு, வந்த லாரி வாடகை எல்லாம் சேர்த்து அட்வான்ஸ் குறையாமல் ஏறியிருந்தது. இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு தாளில் எழுதி மூதாட்டிக்குப் படித்துக் காட்டினார்கள். பின்னால் விசாரணையில் அதிகம் பேசியது அந்தத் தாள்தான்.

சேம்பர் எங்கே என்பது யாருக்கும் தெரியவில்லை. ரயில்வே கேட் தாண்டி, ஏரி ஓரம், உயரமான புகைக்கூண்டு: அந்தப் பக்கம் இதற்குப் பொருந்தும் சேம்பர்கள் பல. ஒவ்வொரு சேம்பருக்கும் தன் கல்லில் பதிக்கும் எழுத்து உண்டு. மகள் அடுத்த முறை பேசும்போது, நான்காம் வகுப்பு வரை படித்த பேத்தியிடம் கல்லின் பள்ளத்தில் என்ன எழுத்து என்று மட்டும் கேட்கும்படி மூதாட்டிக்குச் சொல்லப்பட்டது. செவ்வாய் இரவு மூன்று ஆங்கில எழுத்துகள் கிடைத்தன. செங்கல் ஏற்றும் லாரிக்காரர் ஒருவரிடம் அந்த எழுத்தைச் சொல்லி எந்தச் சேம்பர் கல் என்று கேட்க, இடம் தெளிவானது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பணம் கட்ட வேண்டாம் என்பது. கம்மலை வைத்தாவது மகளை மீட்க நினைப்பது தாயின் இயல்பு. ஆனால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டப்படி அந்தக் கடனைத் திருப்பித்தரும் பொறுப்பே அற்றுப்போகிறது. அற்றுப்போன கடனுக்குப் பணம் வாங்குவது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கட்டி வெளியே வந்த குடும்பத்துக்கு விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்காது, சான்றிதழ் இல்லாமல் மறுவாழ்வு உதவி இல்லை, அடுத்த தீபாவளிக்கு மறுபடி அதே மேஸ்திரி.

இரண்டாவது, யாரும் சேம்பருக்குப் போகக்கூடாது, மகள் பேசிய எண்ணுக்குத் திருப்பி அழைக்கக்கூடாது. சேதி கசிந்தால் இரவோடு இரவாகக் குடும்பத்தை வேறு சேம்பருக்கு மாற்றுவது வழக்கம். உள்ளூர் காவல் நிலையத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கப்பட்டது. அங்கே பெரும்பாலும் இரு தரப்பையும் உட்காரவைத்துக் கணக்குத் தீர்க்கும் பேச்சாக அது முடிந்துவிடும்.

மூன்றாவது, எழுத்து மூலம் புகார். தொழிற்கூடத்தின் பெயரில் கொடுப்பதா, தாயின் பெயரிலா என்று விவாதம் நடந்தது. தாயின் பெயரில், இலவசச் சட்ட உதவி தரும் வேலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக என்று முடிவானது. பை விற்பவர்கள் புகார்தாரர் ஆனால் வழக்கு வியாபாரச் சண்டையாகத் திரிக்கப்படும். சட்டத் தன்னார்வலர் ஒருவர் மூதாட்டியின் வாக்குமூலத்தை எழுதி, கைநாட்டு வாங்கி, சேம்பர் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் புதன்கிழமை சேர்த்தார். பிள்ளைகள் இருப்பதால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் தகவல் தரப்பட்டது.

புகார் ஒரே பக்கம். சட்ட வரையறையில் உள்ள நான்கு அடையாளங்களையும் வரிசையாகச் சொன்னது: வேறு வேலைக்குப் போக முடியாமை, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமை, உழைப்பைச் சந்தைக் கூலிக்கு விற்க முடியாமை, பெயரளவுக் கூலி. அட்வான்ஸின் பேரில் இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது. புகார் எழுதும் பலரும் அடி உதையை விரிவாக எழுதி இந்த நான்கையும் விட்டுவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அது அடிதடி வழக்காகச் சுருங்கிவிடுகிறது.

மீட்பு

வெள்ளிக்கிழமை அதிகாலை கோட்டாட்சியர், வட்டாட்சியர், தொழிலாளர் துறை, காவல் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு சேர்ந்து போனார்கள். நான்கு குடும்பங்கள் இருந்தன. மேஸ்திரி பக்கத்தில் நின்றவரை எல்லோரும் சொன்னது "நல்லாதான் கீறோம்". கோட்டாட்சியர் குடும்பங்களைத் தனித்தனியாகச் சேம்பருக்கு வெளியே அழைத்துப்போய் விசாரித்தார். பெண்களிடம் பெண் கிராம நிர்வாக அலுவலர் பேசினார். "கொத்தடிமையா?" என்று கேட்டால் எவரும் ஆமென்று சொல்வதில்லை, மானக்கேடாக நினைப்பார்கள். கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள், போகணும் என்றால் யாரைக் கேட்கணும், கடைசியாக கூலி எண்ணி வாங்கியது எப்போது என்று கேட்டபோது பதில் தானாக வந்தது.

இரண்டு குடும்பங்கள், மொத்தம் ஏழு பேர், விடுவிக்கப்பட்டார்கள். மற்ற இரண்டு குடும்பங்கள் மேஸ்திரிக்கு உறவு. விருப்பப்பட்டே இருப்பதாக எழுதிக்கொடுத்துத் தங்கிவிட்டார்கள்.

சான்றிதழ் முதலில் குடும்பத் தலைவர்களின் பெயரில் மட்டும் தயாரானது. ஆணைக்குழு வழக்கறிஞர் தலையிட்டு மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே கேட்டு வாங்கினார். இது சின்ன விஷயமல்ல. ஒன்றிய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் என்று ஆளுக்கு ஆள்தான் தொகை. சான்றிதழில் பெயர் இல்லாதவருக்கு எதுவும் இல்லை. வாகனம் கிளம்பும் முன் பாத்திரம், துணி, கோழி, மேஸ்திரியிடமிருந்த ரேஷன் கார்டு எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்க்கப்பட்டது; விட்டுவந்த சாமானை எடுக்கத் திரும்பிப் போன குடும்பங்கள் மறுபடி மாட்டிக்கொண்டதுண்டு. பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, பெற்றோருடனேயே அனுப்பப்பட்டார்கள்.

அதன் பின்

முதலாளி, மேஸ்திரி இருவர் மீதும் 1976 சட்டத்தின் கீழும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின் கீழும் வழக்குப் பதிவானது. 143 ஆள் கடத்தலுக்கானது. அட்வான்ஸைக் காட்டி ஏமாற்றிச் சுரண்டலுக்கு ஆள் சேர்ப்பதும் அதில் அடங்கும். கொத்தடிமைச் சட்டம் மட்டும் என்றால் ஜாமீன் எளிது. 143 சேர்ந்ததால் முதலாளி சில வாரம் உள்ளே இருந்தார். வழக்கு நடக்கிறது. திட்டத்தின் பெருந்தொகை தண்டனைத் தீர்ப்போடு கட்டப்பட்டிருப்பதால் அது இன்னும் கைக்கு வரவில்லை. ஆளுக்கு 30,000 வரையிலான உடனடி உதவி மட்டும் தீர்ப்புக்குக் காத்திராமல் தரப்பட வேண்டியது. வங்கிக் கணக்கு இல்லாததால் அதுவும் வாரக்கணக்கில் இழுத்தது. இருளர் என்ற பழங்குடிச் சான்றிதழும் இந்தக் குடும்பத்துக்கு அதுவரை இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்கு மனு போட்டு வாங்க வேண்டியிருந்தது. மீட்புக்குப் பிந்தைய இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் மறுபடி அட்வான்ஸ் வாங்குகின்றன. மூதாட்டி வீட்டில் அரிசி வாங்கக் காசில்லாத நாட்களில் அதே ஊர் மேஸ்திரியின் தம்பி வந்து பேசிவிட்டுப் போனார். நூறு நாள் வேலை அட்டையில் பெயரைச் சேர்த்து வேலை கேட்டு மனு கொடுத்தது அந்த நேரத்தில் கைகொடுத்தது.

மகளைத் தையல்கூடத்தில் சேர்க்கலாமே என்ற பேச்சு எழுந்தது. இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த நேரம் என்று அவரே வேண்டாம் என்றார். அந்தப் பேச்சு தொழிற்கூடத்தை வேறோர் இடத்தில் தொட்டது. அங்கே தைப்பவர்களும் பொங்கலுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்குபவர்கள்தான். கணக்கு நிறுவனத்தின் நோட்டில் மட்டும் இருந்தது. கடன் தீராமல் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக ஒருவர் தயங்கியதும் நடந்திருந்தது. நல்லெண்ணத்தில் கொடுத்ததுதான். ஆனால் பையில் அச்சிட்ட ஐந்து கேள்விகளையும் தொழிற்கூடத்தின் மேல் போட்டுப் பார்த்தால் மூன்றாவதற்கு, அட்வான்ஸ் எப்படிக் கழியும், நோட்டு யாரிடம் என்பதற்கு, நல்ல பதில் இல்லை. புது விதி வந்தது: அட்வான்ஸ் இரண்டு வாரக் கூலிக்கு மேல் இல்லை, கணக்கு தொழிலாளியின் கையிலிருக்கும் நோட்டில், அவர் எதிரில் எழுதப்படும், வேலையை விட்டால் பாக்கியைச் சாக்காக வைத்து நிறுத்தக்கூடாது. எங்கள் பார்வையில் இந்த நிகழ்வில் தொழிற்கூடம் எடுத்த முடிவுகளில் இதுவே முக்கியமானது.

வியாபாரத்தில் விழுந்த அடி

மீட்புச் சேதி ஊரில் பரவியதும் கடைக்காரப் பெண்ணின் வாசலில் மேஸ்திரியின் ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். புகாரில் அவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் கடையில் அட்டை தொங்கியது, அந்தக் கடையில் மட்டும்தான் சுருக்குப்பை விற்றது. ஊகிக்க அது போதும். அவர் அட்டையைக் கழற்றினார். கழற்றச் சொன்னதும் தொழிற்கூடம்தான்.

மாதம் 2,500 பை எடுத்துவந்த அரிசி மொத்த வியாபாரி ஒருவர், செய்தி இல்லாமல் கடைப் பெயர் மட்டும் போட்டுத் தந்தால் தொடர்வதாகச் சொன்னார். ஆலைக்காரர்கள் பலர் அவருடைய உறவு. மறுத்தால் தைப்பவர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் தையல் கூலி போகும். ஒப்புக்கொண்டால் நோக்கத்தை விற்றதாகும் என்று இருவர் கருதினார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு: வெறும் பையில் கூடுதலாக நிற்கும் 80 காசு, அதாவது மாதம் 2,000 ரூபாய், தனிக் கணக்கில் போய்ச் சுருக்குப்பை அச்சுக்கும் போன் செலவுக்கும் மட்டுமே செலவாகும். அரிசிக்கடைப் பையைத் தூக்கிப்போகும் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த ஐந்து கேள்விகளால் பெரிய பயனில்லை. பயன்படும் இடுப்புக்கு அது போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. இந்த முடிவு சரி என்றே கருதுகிறோம்.

இன்னொரு வாய்ப்பு வேண்டாமென்று விடப்பட்டது. சென்னை நிறுவனம் ஒன்று பெரிய ஆர்டரோடு, மீட்கப்பட்ட குடும்பத்தின் படமும் கதையும் பை மீது வேண்டும் என்றது. குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். பெரியவர்களின் சம்மதம் கேட்டிருக்கலாமே என்றால், உதவி செய்தவர்கள் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அந்தக் குடும்பம் இல்லை. அப்படி வாங்கும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

மாற்ற வேண்டியவை

எண் முதலில். ஆர்டருக்கும் உதவிக்கும் ஒரே போன் இருக்கக்கூடாது. வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை பை விலை கேட்டவை. அதனால்தான் ஞாயிறு அணைத்துவைக்கும் பழக்கம் வந்தது. புதிய சுருக்குப்பையில் தொழிற்கூடத்தின் எண்ணே இல்லை. பிள்ளைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, சட்ட உதவிக்கு 15100 ஆகிய மூன்று மட்டும். தொழிற்கூடத்தின் தனி உதவி எண் கடைக்காரர்களிடமும் சுயஉதவிக் குழுத் தலைவிகளிடமும் மட்டும் இருக்கும். இருவர் மாறி மாறி வைத்திருப்பார்கள், இரவிலும்.

ஓர் ஊரில் ஒரே கடையில் வைப்பது கடைக்காரரைக் காட்டிக்கொடுத்துவிடும். இனி ஓர் ஊருக்கு மூன்று கடையாவது, அல்லது சந்தையில் மட்டும். கேள்வி அட்டை கடையில் அல்ல, ரேஷன் கடை, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகச் சுவரில். அட்டை ஒட்ட நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் வாங்கினால் அது ஊரின் அட்டையாகிவிடும். தனியாள் யாரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

காலம். மார்ச்சில் வந்த அழைப்பு மீட்புக்கானது. அட்வான்ஸ் கை மாறுவது ஐப்பசி முதல் மார்கழி வரை. சுருக்குப்பை அச்சு செப்டம்பருக்குள் முடிந்து, தீபாவளிக்கு மூன்று வாரம் முன் சந்தையில் இருக்க வேண்டும். ஆனால் அச்சு வேலை நடக்க வேண்டிய ஆவணி, கல்யாண ஆர்டர் நெருக்கும் மாதம். ஆகையால் ஆடி மாதத்தில், கல்யாணம் இல்லாமல் தையல் மேசை சும்மா கிடக்கும்போதே, வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துச் சுருக்குப்பை தைத்துவைப்பது என்று வேலை அட்டவணை மாற்றப்பட்டுள்ளது.

கடைசியாக, மீட்புக்குப் பிந்தைய முதல் மூன்று மாதம். தொழிற்கூடத்தின் பதிவுத் தாளில் இப்போது கூடுதல் கட்டங்கள் உள்ளன: ஒவ்வொருவர் பெயரிலும் விடுவிப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, உடனடி உதவி வந்த தேதி, சாதிச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை, நூறு நாள் வேலை அட்டை, விட்டுப்போன கூலிப் பாக்கிக்கான மனு. எல்லாக் கட்டமும் நிரம்பும்வரை அந்தத் தாள் முடிந்த கோப்புகளோடு சேராது. இந்தக் குடும்பத்தின் தாளில் கூலிப் பாக்கியும் வழக்கின் தீர்ப்பும் இன்னும் நிரம்பவில்லை.